அப்படியேதான் இருக்காக

இப்படி உக்காருங்க தங்கச்சி, நின்னுக்கிட்டே வந்தா கால் என்னத்துக்கு ஆகும்? மூணு பேர் சீட்டுதானே, நான் நகந்துக்கிறேன். ஜன்னலோரம் இருக்கிறது எங்க வீட்டுக்காரவுக. வலது பக்கம் சாஞ்சுக்க அவுகளுக்கு ஒரு சுவர் வேணும், இல்லேன்னா பஸ் திரும்புற திருப்புல சரிஞ்சிருவாக. பையைக் குடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். ஆமா, இதெல்லாம் ஒரு பாரமா?

கலெக்டர் ஆபீசுக்குத்தான் போறோம். இன்னைக்குத் திங்கக்கிழமைல்ல, மனு வாங்குற நாள். போன மாசமே ஒரு மனு குடுத்தாச்சு. 'திரும்ப விசாரிப்பாங்கம்மா, போன் வரும், எடுத்துப் பதில் சொல்லுங்க'ன்னாங்க. அன்னையிலருந்து இந்தப் போனை நான் கீழ வைக்கல. குளிக்கப் போனாலும் கூடவே வருது. எங்க வருது போன்? லோன் வேணுமான்னு ஒருத்தி கேக்கா, அதோட சரி. அதான் ஆளையே கூட்டிட்டுப் போயி முன்னால உக்கார வச்சிருவோம்னு கெளம்பிட்டேன். கண்ணால பாத்தா மனசு எரங்காமலா போயிரும்?

பக்கவாதம் தங்கச்சி. வலது கை, வலது கால், வாயும் சேந்து போச்சு. டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்த மனுசன், ஒரு கையில மக்கு, ஒரு கையில கிளாசு, ஆத்திக்கிட்டு இருக்கும்போதே சொத்துன்னு விழுந்துட்டாக. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல பால்பாண்டி அண்ணாச்சி கடைன்னா எல்லாருக்கும் தெரியும். அண்ணாச்சி பேருதான் கடைக்கு, கூட்டம் இவுக கைக்கு. பஸ்ஸை நிறுத்திட்டு டிரைவரு வந்து 'மாஸ்டர், ஒண்ணு ஸ்ட்ராங்கா'ன்னு கேட்டு வாங்கிக் குடிச்சிட்டுப் போவாரு. இப்ப ஒருத்தன் நிக்கான், அவன் போடுறது டீயா? கழனித்தண்ணி. மாட்டுக்கு வச்சா மாடு மூஞ்சியத் திருப்பிக்கிரும். அண்ணாச்சியும் சொல்லியிருக்காரு, 'தங்கச்சி, அவன் கை திரும்பட்டும், மறுநாளே கடைக்கு வரட்டும், அதுவரைக்கும் இவனை வச்சு ஓட்டிக்கிறேன்'னு. அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாங்க இருக்கோம்.

இப்ப எப்படி இருக்காருன்னா கேக்கீங்க?

அப்படியேதான் இருக்காக. என்னத்தைச் சொல்ல. போட்டது போட்டபடி.

அவுக கையில என்னன்னு பாக்காதீங்க, துண்டுதான் போத்தியிருக்கேன். காத்து படக்கூடாதுன்னு.

கொஞ்சம் இருங்க. முன் சீட்டுக்காரி இந்த விலக்கு ஸ்டாப்புல எறங்குறா போல. எறங்கட்டும்.

ம், போயிட்டா. காது ரெண்டும் இங்கதான் இருந்துச்சு அவளுக்கு. இந்தா பாருங்க தங்கச்சி, உங்களுக்கு எந்த ஊரோ, நான் யாரோ. நீங்க எறங்கிப் போயிட்டா எங்களை மறுபடி பாக்கப் போறதில்ல. முகத்தைப் பாத்தா உங்க கண்ணு நல்ல கண்ணாத்தான் தெரியுது. அதனால உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவுக நல்லா வந்துட்டாக. கை வந்துருச்சு. காலு வந்துருச்சு. தூ தூன்னு ஒரு தடவை துப்பிருங்க. சும்மா, வாய்ப்பேச்சுக்குத்தான். ம், போதும்.

ஆரம்பத்துல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவுக பொழைச்சு வந்தாப் போதும்னுதான் நான் கும்பிட்டேன். பொழைச்சாக. பெறகு பிசியோதெரபி எழுதிக் குடுத்தாக. இன்சூரன்சு கார்டு இருக்குல்ல, கவர்மெண்டு கார்டு, அதுல எல்லாம் ஓசிதான். எங்க ஊர்லயே ஒரு சென்டர் வச்சிருந்தாக. ஒரு பெரிய ஹாலு. கம்பியப் பிடிச்சு நடக்கிறதும், பந்தை அமுக்கிறதும், படியேறி எறங்குறதும், காலையில போனா உக்கார எடம் கெடைக்காது. அங்கன இருந்தவதான் ஷெர்லின். நாகர்கோயில் பக்கத்துப் பிள்ளை. ஒல்லிக்குச்சி மாதிரி இருப்பா, எங்க வீட்டு ஆளைத் தூக்கி நிறுத்துவா பாருங்க, நான் வாயைப் பொளந்துட்டேன்.

அந்தப் பிள்ளை ஒருநாள் சொல்றா, 'அம்மா, இந்தப் பந்து கிந்து எல்லாம் அய்யாவுக்குப் பிடிக்கல. கடையில டீ ஆத்துற மக்கும் கிளாசும் இருந்தாக் கொண்டு வாங்க'ன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அண்ணாச்சிகிட்ட வாங்கிட்டுப் போனேன். தண்ணிய ஊத்தி வலது கையில மக்கைக் குடுத்தா. அது டங்குன்னு கீழ விழுந்துச்சு. மறுபடி குடுத்தா. மறுபடி விழுந்துச்சு. அவ சளைக்கல. விரல் ஒவ்வொண்ணா விரிச்சு, மக்கோட காதுல மாட்டி, மேல தன் கையை வச்சுப் பிடிச்சுக்கிட்டு 'ஆத்துங்க மாஸ்டர், கஸ்டமர் நிக்கிறாங்க'ங்கிறா. இவுக பாதி வாயால சிரிக்காக. அந்தச் சிரிப்பைப் பாத்து நான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கிட்டேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, ஒருநாள் தானாவே ஆத்திட்டாக. மக்கு மேல போகுது, கிளாசு கீழ நிக்குது, தண்ணி ஒரு முழத்துக்கு நூல் பிடிச்ச மாதிரி எறங்குது. சிந்தல. ஹாலே நின்னு பாக்குது. கை தட்டுறாக. அத்தனை கண்ணும் அந்தக் கையில! ஓடிப் போயி மக்கைப் பிடுங்கி, தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கையை மூடிட்டேன். 'ஏம்மா மூடுறீங்க'ன்னு ஷெர்லின் கேட்டா. 'நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது'ன்னுட்டேன்.

சிரிக்காதீங்க. அனுபவப்பட்டவ சொல்றேன். மொத மொதல்ல கால் கட்டை விரல் அசைஞ்சப்ப, நான் சந்தோசம் தாங்காம எதுத்த வீட்டுச் செல்லக்கனிகிட்ட வாயை விட்டுட்டேன். 'அப்படியாக்கா? அதுக்குள்ளயா? பரவால்லயே!'ன்னா. அந்தப் 'பரவால்லயே' இருக்கே! சாயந்தரம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மண்டையில தையல். உப்பு, மொளகா சுத்தி அடுப்புல போட்டேன். அம்புட்டு மொளகாயும் கருகுது, ஒரு கமறல் இல்ல. அப்ப யாரு கண்ணுன்னு சொல்லணுமா? அன்னைக்கு வாயைத் தைச்சவதான். யாரு கேட்டாலும் ஒரே பதில்தான். அப்படியேதான் இருக்காக. என் கூடப்பொறந்த தம்பி கேட்டாலும் அப்படியேதான் இருக்காக. செல்லக்கனி வந்து எட்டிப் பாத்தான்னா, இவுகளைப் படுக்கச் சொல்லிப் போர்வையை இழுத்து விட்டுருவேன். இவுக முறைப்பாக. நோய்க்காரனுக்குக் கோவம் வரத்தானே செய்யும்.

இப்படி நல்லாப் போயிக்கிட்டு இருக்கும்போதுதான் சட்டத்தை மாத்தினாக. என்னத்தை மாத்தினாகளோ. முன்னால டாக்டர் எழுதுனாப் போதும், தெரபி நடக்கும். இப்ப அப்படி இல்லையாம். கொஞ்ச நாளைக்கு ஒருக்க வீட்டுக்குப் போன் போட்டுக் கேப்பாகளாம். முன்னேற்றம் இருந்தாத்தான் மேற்கொண்டு காசு குடுப்பாகளாம். முன்னேற்றம் இல்லாதவுக வீட்டோட இருந்துக்க வேண்டியதாம். ஹால்ல பாதிக் கூட்டம் கொறைஞ்சு போச்சு. எழுந்திரிக்கவே முடியாம ஒரு அம்மா வருவாக, மருமகன் தூக்கிட்டு வருவாரு, அவுகளைத்தான் மொதல்ல நிறுத்துனாக. மூட்டு ஆபரேசன் பண்ணுனவுக மட்டும் ஜம்முன்னு வந்து போறாக. 'எப்படியும் நடந்துரப் போறவங்களுக்கு மட்டும்தான் இனிமே நடை பழக்கணுமாம்மா'ன்னு ஷெர்லின் ஒருநாள் சொன்னா. அவ அப்படிக் கசந்து பேசி நான் கேட்டதில்ல.

எங்களுக்கும் போன் வந்துச்சு. எப்ப வந்துச்சு தெரியுமா? தெருக்குழாயில தண்ணி பிடிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்குப் பின்னால யாரு? செல்லக்கனி. குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு மூச்சு விடாம நிக்கா. போன்ல ஒரு பொண்ணு, குரலு நல்ல குரலு. 'அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு பிசியோதெரபி நடக்குதே, முன்னேற்றம் இருக்கா?'ங்கா.

நான் என்ன சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. பின்னால அவ. அது ஒண்ணு. இன்னொண்ணு, கவர்மெண்டுக்காரன் கேக்கும்போது 'நல்லா இருக்கோம்'னு எவளாவது சொல்லுவாளா? எங்க அத்தைக்கு அப்படித்தான் முதியோர் பென்சன் போச்சு. விசாரிக்க ஆள் வந்த அன்னைக்குன்னு பாத்து, கிழவி தலை சீவிக் கோடாலி முடிச்சுப் போட்டு, மக எடுத்துக் குடுத்த புதுச் சேலையக் கட்டிக்கிட்டு, வாசல்ல நின்னு 'எனக்கென்ன கொறை, ராணி மாதிரி இருக்கேன்'னு சொல்லியிருக்கா. அந்த மாசத்தோட நின்னுச்சு. சாகுற வரைக்கும் திரும்பக் கெடைக்கல. நான் என்ன அத்தை மாதிரி ஏமாளியா?

'எங்கம்மா, போட்டது போட்டபடி கெடக்காக'ன்னேன். 'கை அசையுதாம்மா?' 'மரக்கட்டைதான் தாயி.' 'நடக்குறாரா?' 'சுவரைப் பிடிச்சுக்கூட ஒரு எட்டு இல்ல. அப்படியேதான் இருக்காக.' நல்லா அழுத்திச் சொன்னேன். சொல்லிட்டுத் திரும்புறேன், இவுக வீட்டுச் சுவரைப் பிடிச்சு நடந்து வந்து வாசப்படியில நின்னு என்னையவே பாத்துக்கிட்டு இருக்காக. குடத்தைப் போட்டுட்டு ஓடினேன். செல்லக்கனி பாக்கிறதுக்குள்ள உள்ள இழுத்துட்டுப் போயிட்டேன். நல்லவேளை, அவ பாக்கல.

அந்த வாரமே தெரபி நின்னுருச்சு.

என்ன அநியாயம் பாத்தீங்களா? இம்புட்டு முடியாம இருக்கோம்னு சொல்லியும் நிறுத்துறாகன்னா, இவுகளுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? சென்டர்ல போயி ஒரு ஆட்டம் ஆடிட்டேன். அங்க இருந்த ஆபீசரு என்னமோ சொல்றாரு, சென்டர்ல ஒண்ணு எழுதியிருக்காம், வீட்ல ஒண்ணு சொல்லியிருக்காகளாம், ரெண்டும் ஒத்துப் போகலையாம். நான் விடல. 'உங்க எழுத்து சரியில்லேன்னா எங்க ஆளு என்ன செய்வாரு'ன்னு கேட்டேன். ஷெர்லின் ஒரு ஓரமா நின்னுக்கிட்டு இருந்தா, தலையக் குனிஞ்சுக்கிட்டு. முகம் செத்துப் போயி இருந்துச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் வீட்டுக்கே வந்தா. காபி போட்டுக் குடுத்தேன், தொடல. 'அம்மா, போன்ல என்ன சொன்னீங்க?'ன்னா. சொன்னேன். சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன்னேன். அப்படியே கண்ணை மூடிக்கிட்டா. 'அம்மா, நல்லா இருக்காருன்னு சொன்னாத்தான் தொடருவாங்க. நான் நடக்குறாரு, கை தூக்குறாருன்னு எழுதியிருக்கேன். நீங்க ஒண்ணுமே இல்லேன்னுட்டீங்க. நான் பொய் எழுதிக் காசு வாங்கிட்டேன்னு சொல்றாங்க'ன்னா. ஏம்மா, கேக்கிறேன்னு தப்பா நினைக்காத, நல்லாயிட்டவனுக்கு வைத்தியம் பாப்பான், நல்லாகாதவனை விரட்டிருவானா? பசிச்சவனுக்கு எலையே கெடையாது, சாப்பிட்டவனுக்குப் பாயசமா? உலகத்துல எங்கயாச்சும் இப்படி ஒரு சட்டம் உண்டான்னு கேட்டேன். 'இல்லதான்ம்மா'ன்னா. அழுதுட்டா. நானும் அழுதேன். இவுகளும் கட்டில்ல உக்காந்து அழுதாக, சத்தம் வராம.

போகும்போது இவுக கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனா. 'மாஸ்டர், ஒரு நாளு கூட விடாதீங்க. விட்டீங்கன்னா விரல் இறுகிரும். இறுகிருச்சுன்னா அப்புறம் நான் வந்தாலும் விரிக்க முடியாது'ன்னு. சென்டர்ல அவளை நிறுத்திட்டாகளாம். ஊருக்கே போயிட்டா. தங்கமான பிள்ளை. அவ மேல எவ கண்ணு பட்டுச்சோ.

நான் விடல தங்கச்சி. தினமும் மக்கைக் குடுக்கேன். ஆனா எனக்கு அந்தப் பக்குவம் வருமா? அவ எங்க பிடிப்பா, எப்படித் திருப்புவான்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், என் கைக்கு வரல. நான் இழுத்தா வலிக்குதுன்னு கையை வெடுக்குனு எடுத்துக்கிறாக. இந்தா, மெதுவாத் தொட்டுப் பாருங்க, துண்டுக்கு மேலயே பாருங்க. சுண்டு விரலும் பக்கத்து விரலும் மடங்க ஆரம்பிச்சிருச்சு. போன மாசம் இப்படி இல்ல. மக்கோட காதுக்குள்ள நாலு விரலும் போச்சு, இப்ப ரெண்டுதான் போகுது. இன்னும் கொஞ்ச நாள் விட்டா அதுவும் போயிரும். எனக்கு ராத்திரி பகல் அதே நெனப்புத்தான். வந்த கை தங்கச்சி! வராமலே இருந்திருந்தா மனசு ஆறியிருக்கும். வந்துட்டுப் போகுது பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.

என்ன? நீங்களும் அதையேதான் சொல்றீங்களா? 'நல்லா இருக்காருன்னு சொல்லிருங்கக்கா'ன்னா?

ஷெர்லினும் நீங்களும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா! வாயாரச் சொல்லிட்டு, இவுகளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நீங்க வருவீங்களா? அதில்லாம, 'அப்படியேதான் இருக்காக'ன்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்? பரவால்ல, தேவலைன்னு அர்த்தம். கேக்கிறவளுக்கும் ஒரு வீடு வாசல் இருக்கும்ல? அவ ஆத்தா இப்படிச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டாளா? அது கூடத் தெரியாம ஒரு பொண்ணைப் போன்ல உக்கார வச்சிருக்கான்னா அது யாரு குத்தம்?

சரி, சரி. கோவிச்சுக்கிராதீங்க. நீங்க இம்புட்டுத் தூரம் சொல்றதால யோசிக்கேன். கலெக்டர் ஆபீஸ்ல தனியாக் கூப்பிட்டுக் கேட்டாகன்னா காதோட காதாச் சொல்லிருவேன். 'அய்யா, கை வந்துச்சு, காலு வந்துச்சு, மறுபடி போயிராமக் காப்பாத்துங்க'ன்னு கால்ல விழுந்துருவேன். போதுமா? ஊரு கேக்கச் சொல்ல மாட்டேன். இவுகளைப் பாருங்க, கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குற மாதிரி வருவாக, அம்புட்டும் காதுல விழும். இப்ப தலைய ஆட்டுறாக பாருங்க. நீங்க சொன்னது பிடிச்சிருக்காம்.

அய்யய்யோ, எந்த ஸ்டாப்பு இது? வாயை மூடுங்க. திரும்பாதீங்க. பின்படியில ஏறுறான் பாருங்க, வெள்ளைச் சட்டை, அவன் செல்லக்கனி கொழுந்தன். நேரா இங்கதான் வாரான். சனியன் தேடி வருது பாருங்க. 'வாங்க தம்பி. ஆமா, ஆஸ்பத்திரிக்குத்தான். ம், இருக்காக.' நம்ம தலைமாட்டுலயே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டான்.

ஆத்தாடி, போனு! புது நம்பரு. விசாரிக்கிறவுகதான் போல.

'அலோ. ஆமாம்மா, நான்தான் பேசுறேன். ஆமா, மனு குடுத்தது நாங்கதான். மகராசியா இருப்ப, எப்ப கூப்பிடுவீகன்னு காத்துக்கிட்டே கெடந்தேன். ஆங்? சத்தமாச் சொல்லு தாயி, பஸ்ல வாரோம்.'

ஏன் தங்கச்சி என் தொடையக் கிள்ளுறீங்க? தெரியுது, தெரியுது. அவன் நிக்கான்ல மேல?

'ஆங், கேக்குது. முன்னேற்றமா?'

ஏங்க, நீங்க சும்மா இருங்க, எதுக்குக் கையைத் தூக்குறீக? போன் உங்களுக்கு எதுக்கு? பேச வாய் இருக்கா உங்களுக்கு? துண்டு விழுது பாருங்க. அய்யோ, அவன் குனிஞ்சு பாக்கான். கையைக் கீழ போடுங்க. போடுங்கங்கிறேன்ல! எங்கருந்து வந்துச்சு இம்புட்டுப் பெலம்?

'இல்லம்மா, ஒண்ணுமில்ல, பக்கத்துல. கையா? மரக்கட்டைதான் தாயி. அப்படியேதான் இருக்காக.'

வச்சிட்டா. நல்ல பொண்ணு. 'சரிம்மா, பதிஞ்சுக்கிட்டேன்'னு எம்புட்டு மரியாதையாச் சொல்றா. இந்தத் தடவை கெடைச்சிரும் பாருங்க, எனக்கு மனசு சொல்லுது.

என்ன, கண்ணு கலங்கிருச்சு உங்களுக்கு? இவுகளுக்கும் கலங்குது. காத்து எதுத்து அடிக்குதுல்ல, ஜன்னலைச் சாத்துவோம். துண்டுக்குள்ள கை இன்னும் நிக்காமத் துள்ளுது, நான்தான் அமுக்கிப் பிடிச்சிருக்கேன். அதைப் பாக்காதீங்க தங்கச்சி. உங்களுக்குக் கோடிப் புண்ணியம், கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிக்கங்க.